புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன்

"சமூகநீதி பற்றிய நல்ல நாவல்" என்று சொல்லி யாருக்கும் புத்தகம் நீட்டாதீர்கள். பாடம் நடத்தப் போகிறோம் என்று நினைத்து விலகிவிடுவார்கள். கடைசியாக எந்தக் கதைக்காக நித்திரை முழித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பின்னேரங்களில் திருகோணமலை டச் பே கடற்கரையில் என்னோடு நடக்கும் அக்கா, "விஞ்ஞானக் கதை எனக்குச் சரிவராது" என்றார். கதையின் நிலைமையை மட்டும் சொன்னேன்: ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேகரித்து நாட்டை நடத்துகிறார்கள். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "யார் எழுதினது?" வங்காளத்து ரொக்கேயா, 'சுல்தானாவின் கனவு'. 1905இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழொன்றில் ஆங்கிலத்தில் வெளியானது. சில பக்கங்கள்தான். அன்றிரவே வாசித்து முடித்துவிட்டார்.

அப்புறம்தான் பெரிய நாவல். ஒக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்'டில் 1976இல் வாழும் கறுப்பினப் பெண்ணொருத்தி அடிமைக்காலத்து அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்கு இழுக்கப்படுகிறாள். சவுக்கடியும் பாலியல் வன்முறையும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் திருகோணமலையில் போரைக் கண்டவர்கள் நிறையப்பேர். எதற்குள் நுழைகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாதியை நம் மண்ணிலேயே வைத்துப் பார்க்க விரும்புபவருக்கு ஈழத்து எழுத்தாளர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல். கொடுத்த பிறகு, முடித்தாயிற்றா என்று நச்சரிக்க வேண்டாம். அவர்களாகவே பேச வருவார்கள்.