பீபாப் மெட்டு கிதாரில் உயிர் பெற்றது இப்படித்தான்

பீபாப் என்ற ஜாஸ் பாணியின் முன்னோடி சார்லி பார்க்கர் 1945-இல் பதிவுசெய்த ‘பில்லீஸ் பவுன்ஸ்’, எஃப் சுருதியில் 12 பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ்தான். சுரமெல்லாம் சரியாக வந்தும் என் கையில் அது டைப் அடிப்பது போலவே கேட்டது. அஸ்தம்பட்டியில் கீழ்வீட்டு அண்ணன், “தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றே கேட்டுவிட்டார்.

கோளாறு வலது கையில். எல்லாச் சுரத்தையும் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழுமாக அடித்தால் எல்லாம் ஒரே கனத்தில் விழும். பார்க்கர் ஊதியது ஆல்டோ சாக்ஸபோன். அதில் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் வெட்டத் தேவையில்லை. அதனால் இரண்டு தட்டுக்கு நடுவில் வரும் சுரத்தை மட்டும் பிக்கால் அடித்து, அடுத்துத் தட்டில் விழுவதை ஹேமர்-ஆன் (விரலால் கம்பியை ஓங்கி அழுத்துவது), புல்-ஆஃப் (விரலை இழுத்து விடுவது) என்று இடது கை விரலாலேயே எடுத்தேன். வாயால் ‘தக தக’ சொல்லி ‘க’வை அழுத்திப் பாருங்கள், எங்கே அடிப்பது என்று புரிந்துவிடும். இரண்டு சுரமும் வெவ்வேறு கம்பியில் இருந்தால் இது நடக்காது. விரல் இடத்தை மாற்றி ஒரே கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் தட்டில் விழுவதை மெதுவாக அடித்தால் போதும்.

அப்புறம் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, அந்தச் சத்தத்தை 2, 4-ஆம் தட்டாக எண்ணினேன். உண்மையான வேகம் 120. ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஏற்காடு பஸ்ஸில் தொடையில் தட்டியபடி பாடிப் பழகியது, கிதாரோடு உட்கார்ந்ததைவிட அதிகம் உதவியது.