முதல் நிரலாளர் மாலைக் கூட்டத்தை நடத்துவது எப்படி? கோவையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

ஒரே நிரல்மொழியை அல்லது ஒரே மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் மாதம் ஒரு மாலை கூடி, தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் செய்து காட்டும் அமைப்பைப் பயனர் குழு என்கிறோம். இது நேற்று வந்த வழக்கமன்று. 1955ஆம் ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்திய நிறுவனங்களின் நிரலாளர்கள், ஒரே வேலைக்கான நிரலை ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்கும் பொருட்டு, 'ஷேர்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்று அப்படி ஒரு குழுவுக்கான தேவை நிறையவே இருக்கிறது. பீளமேட்டு டைடல் பூங்காவில் வேலை பார்ப்பவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் மட்டுமன்றி, பனியன் கம்பெனியின் கணக்கை எக்செலில் போட்டுக்கொண்டே பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க விரும்புகிறவர்களுக்கும், பம்ப்செட் பட்டறையில் இருப்புக் கணக்கைத் தானியங்கியாக்க முயல்கிறவர்களுக்கும் அருகில் கேட்டுத் தெளிய ஓர் ஆள் வேண்டும். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குப் பைத்தானை எடுத்துக்கொண்டாலும், வேறெந்த மொழிக்கான குழுவுக்கும் இந்தச் செய்முறை பொருந்தும்.

முதல் படி: முடியும் நேரத்தைக் குறித்துவிடுங்கள்

பெரும்பாலோர் தொடங்கும் நேரத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். நீங்கள் முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். எங்கள் குழுவின் இரண்டாம் கூட்டத்தில் பேச்சு நீண்டு நீண்டு இரவு எட்டரையைத் தாண்டியது. திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தான் கேட்பதற்காகவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்த கேள்விகளைக் கேட்காமலேயே பையை எடுத்துக்கொண்டு பேருந்து பிடிக்கக் காந்திபுரத்துக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விகளுக்காகத்தான் அவர் ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே வரப்போகிறவர்களிடம் முன்பே ஒன்றைக் கேட்டு வையுங்கள்: "நீங்க எந்த ஊருங்க, எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கணுங்க?" திருப்பூர், ஈரோடு செல்வோர் காந்திபுரத்திலும், பொள்ளாச்சி செல்வோர் உக்கடத்திலும் பேருந்து ஏற வேண்டும், கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கள் அனுபவத்தில் எட்டு மணிக்குக் கூட்டத்தை முடித்துக் கதவைத் திறந்துவிடுவது எல்லோருக்கும் ஒத்துவருகிறது. எட்டிலிருந்து பின்னோக்கி வந்தால் ஏழரை முதல் எட்டு வரை கேள்விகள், ஆறே முக்கால் முதல் ஏழரை வரை செய்முறை, ஆறு முதல் ஆறே முக்கால் வரை பேச்சு, ஐந்தரை முதல் ஆறு வரை தேநீரும் அறிமுகமும் என்று மாலை தானாகவே பிரிந்துவிடுகிறது. பேச்சாளர் எவ்வளவு சிறப்பாகப் பேசினாலும் கேள்விக்கான அந்த அரை மணியிலிருந்து ஒரு நிமிடத்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: நாள்

மாதத்தின் இரண்டாம் சனி என்பதுபோல் மாறாத ஒரு நாளை வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் நாளை மாற்றினால் வருபவர்களுக்குப் பழக்கம் ஏற்படாது. கோவைக்குச் சனி மாலை பொருந்துகிறது. திருப்பூரில் நடத்துவதாக இருந்தால் சனியைத் தவிருங்கள், அங்கே வாரச் சம்பளம் போடும் நாள் என்பதால் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் இரவு வரை நகர முடியாது. தினசரி நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்தையொட்டி டவுன்ஹால் பக்கம் கூட்டம் வைத்தால் யாரும் வந்து சேர முடியாது.

மூன்றாம் படி: இடம்

இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 'ஹோம்புரூ கணினி மன்றம்' 1975ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று முதன்முதலில் கூடியது ஓர் உறுப்பினர் வீட்டுக் கார் கொட்டகையில்தான். ஆப்பிள் நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் அந்த மன்றத்தில் பங்குபெற்றவர். பதினைந்து இருபது பேருக்கு ஒரு கல்லூரி வகுப்பறையோ, மாலையில் காலியாகும் ஒரு சிறு நிறுவனத்தின் கூடமோ போதும். அனுமதி பெறும்போது முடியும் நேரத்தையும் சொல்லி, காவலரிடமும் நேரில் ஒருமுறை பேசி வையுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில், தெருவிளக்கு எரியும் பாதையில் இடம் இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் எங்களிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் நாங்கள் கவனிக்கத் தொடங்கினோம். நீங்கள் முதலிலேயே கவனித்துவிடுங்கள். கழிப்பறையையும் முந்தைய நாளே போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: பேச்சாளரும் பொருளும்

தலைப்பு பெரிதாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. 'செயற்கை நுண்ணறிவு: ஓர் அறிமுகம்' என்று வைத்தால் கேட்பவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார், மறுநாள் காலையில் செய்து பார்க்க அவரிடம் ஒன்றும் இருக்காது. தலைப்பு ஒரே ஒரு சிக்கலாகவும், அது கேட்பவரின் கணினியில் அன்றே நிகழக்கூடியதாகவும் இருக்கட்டும். எங்கள் குழுவில் நன்றாக நடந்த ஒரு மாலையை அப்படியே தருகிறேன். முதல் கூட்டத்துக்கு இதையே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தலைப்பு: பைத்தானில் தமிழ்ச் சொற்களைக் கையாளுதல். பேச்சாளர் எல்லோரையும் 'கொங்கு' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் தட்டச்சு செய்து, அதன் நீளத்தை 'லென்' என்ற செயற்கூற்றால் கேட்கச் சொன்னார். திரையில் 6 என்று வந்தது. பின்வரிசையில் இருந்த பனியன் கம்பெனிக் கணக்கர் எழுந்து, "ஏனுங்க, நான் மூணு எழுத்துதானுங்க அடிச்சேன், ஆறுன்னு வருதுங்களே?" என்றார். "நீங்க எண்ணுனதும் சரிதானுங்க. அது எழுத்தை எண்ணலைங்க, குறியீட்டை எண்ணுது, பாருங்க" என்று சொல்லிவிட்டு, பேச்சாளர் அந்தச் சொல்லை ஒரு சுழற்சிக் கட்டளையில் இட்டு ஒவ்வொரு குறியீட்டையும் தனி வரியில் அச்சிட்டுக் காட்டினார். ககரம், ஒகரக் குறி, ஙகரம், புள்ளி, மீண்டும் ககரம், உகரக் குறி என ஆறு வரிகள் வந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் ஒதுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது என்பதையும், அகரம் ஏறிய க, ங போன்றவை தவிர மற்ற உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லாமல் அந்த அகர உருவும் குறியும் அடுத்தடுத்து நின்றே அவை உருவாகின்றன என்பதையும் அதன் பிறகு விளக்கியபோது, யாருக்கும் அது வெறும் தகவலாகப் படவில்லை.

அடுத்து, இதைச் சரிசெய்யும் பயிற்சி. பைத்தானில் உள்ளமைந்த 'யூனிகோட்டேட்டா' என்ற நிரல்தொகுதியில் 'கேட்டகரி' என்ற செயற்கூறு ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் சொல்லும். புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் வரும் விடை 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அப்படித் தொடங்காதவற்றை மட்டும் எண்ணினால் 'கொங்கு' என்பதற்கு 3 கிடைக்கிறது. மூன்றே வரி நிரல், அதைப் பங்கேற்பவர்கள் தாமே எழுத வேண்டும். க்ஷகரம் வரும் சொற்களில் இந்தக் கணக்கு ஒன்று கூடிவிடும். அதை யாராவது கண்டுபிடிக்கும் வரை பேச்சாளர் சொல்லாமல் இருப்பது நல்லது. கடைசியாக, 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இதே வேலையைச் செய்து, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருவதைக் காட்டலாம்.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் சேருங்கள், ஏனெனில் விண்டோஸ் கணினியில் தமிழ்க் கோப்பைத் திறக்க முயன்ற ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது முட்டிக்கொண்டிருப்பார்கள். எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, சேமிக்கும் முறையைக் குறியாக்கம் என்கிறோம், யூனிகோடு எழுத்துகளுக்கான அத்தகைய ஒரு முறை யூ.டி.எஃப்.-8. 'கடலை' என்று மட்டும் எழுதி அந்தக் குறியாக்கத்தில் சேமித்த கோப்பை, குறியாக்கத்தின் பெயரைக் குறிப்பிடாமல் பைத்தானில் திறந்தால், பல கணினிகளில் பிழை எதுவும் வராமல் புரியாத பன்னிரண்டு குறிகள் வரும். அதையே 'கடலைமிட்டாய்' என்று மாற்றிச் சேமித்துத் திறந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இரண்டாம் சொல்லில் இருக்கும் புள்ளிதான் காரணம். புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கணினிகள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கத்திலோ 141ஆம் இடத்தில் எந்த எழுத்தும் இல்லை. முதல் சொல்லின் பைட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியலில் ஏதோ ஓர் எழுத்து இருந்ததால் தவறாகவேனும் படிக்க முடிந்தது. கோப்பைத் திறக்கும் கட்டளையில் குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 என்று ஒரு சொல் சேர்த்தால் இரண்டும் சரியாகிவிடும். இதைப் பார்த்ததும் அந்தக் கணக்கர், தம் கம்பெனியின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் சில பெயர்களில் மட்டும் ஏன் நின்றுபோகிறது என்பது ஆறு மாதம் கழித்து இப்போதுதான் விளங்கியது என்றார்.

பேச்சாளர் நிபுணராக இருக்கவேண்டும் என்பதில்லை. இந்தச் சிக்கலில் சென்ற மாதம் மாட்டிக்கொண்டு இந்த மாதம் வெளியே வந்தவரே தொடக்கநிலையினருக்கு ஏற்ற பேச்சாளர், ஏனென்றால் எந்த இடத்தில் கால் இடறும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பாக உங்கள் முன்னிலையில் அவர் ஒருமுறை முழுவதும் செய்து காட்டட்டும்.

ஐந்தாம் படி: கருவிகளும் நிறுவலும்

இணையத்தை நம்பிச் செய்முறை வைக்காதீர்கள். இருபது பேர் ஒரே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பைத்தானைப் பதிவிறக்க முயன்ற அன்று, எங்கள் செய்முறை நேரம் முழுவதும் திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்ப்பதிலேயே போயிற்று. நிறுவல் கோப்பையும் தேவையான நிரல்தொகுப்புகளையும் நான்கைந்து பென்டிரைவ்களில் முன்பே ஏற்றி வையுங்கள். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில், கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களைக் கொண்ட 'பாத்' பட்டியலில் பைத்தானைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அது தானாகக் குறியிடப்பட்டிருக்காது. அதில் குறியிடாமல் போனவர்களே கட்டளைத் திரையில் பைத்தான் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள். அந்தத் திரை வரும்போது ஒவ்வொருவர் அருகிலும் போய் நின்று பாருங்கள்.

விண்டோஸின் பழைய கட்டளைத் திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்தே தெரியும் என்பதால், பைத்தானுடன் வரும் 'ஐடில்' சாளரத்தைப் பயன்படுத்துங்கள். எழுத்தின் அளவு 24க்குக் குறையக் கூடாது. கருப்புப் பின்னணி பேச்சாளரின் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் விளக்கு எரியும் அறையில் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தை வைக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டருக்கான எச்.டி.எம்.ஐ. கேபிளும், புதிய மடிக்கணினிகளுக்கான டைப்-சி இணைப்பானும், பழைய புரொஜெக்டருக்கான வி.ஜி.ஏ. இணைப்பானும் உங்கள் பையிலேயே இருக்கட்டும், இடம் தருபவர் வைத்திருப்பார் என்று எண்ண வேண்டாம். இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களும் தேவை.

ஆறாம் படி: அன்று மாலை

ஐந்து மணிக்கே போய் நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். வரிசையாகப் போட்டால் அது வகுப்பாகிவிடும், கேள்வி கேட்கக் கூச்சம் வரும். பக்கத்துப் பேக்கரியில் தேநீரும் தேங்காய் பன்னும் சொல்லி வைத்தால் போதும், செலவை வருபவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். அறிமுகத்தில் பெயர், ஊர், இப்போது எதில் சிக்கியிருக்கிறார் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள், பதவியைக் கேட்காதீர்கள். மூன்றாவதைக் கரும்பலகையில் எழுதி வாருங்கள், கேள்வி நேரத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

செய்முறையின்போது தெரிந்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் தெரியாதவர் ஒருவரை உட்காரவைத்து, விசைப்பலகை எப்போதும் தெரியாதவர் கையில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "நகருங்க, நான் அடிச்சுத் தர்றேன்" என்று யாராவது தொடங்கினால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். யாரையும் கேலி செய்யக் கூடாது, அனுமதியின்றிப் படம் எடுக்கவோ கைபேசி எண்ணைப் பிறருக்குத் தரவோ கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லுங்கள்.

ஏழரைக்குப் பேச்சாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தால், முன்பே பேசி வைத்தபடி நீங்கள் எழுந்து நில்லுங்கள். முதல் கேள்வி தொலைவிலிருந்து வந்தவருக்கு உரியது.

ஏழாம் படி: முடிந்த பிறகு

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அடுத்த கூட்டத்தின் நாளையும், அன்று பேச ஒப்புக்கொண்டவரின் பெயரையும் பலகையில் எழுதுங்கள். விடை கிடைக்காத கேள்விகளைத் தனித்தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத் தலைப்பு பெரும்பாலும் அதிலிருந்தே கிடைத்துவிடும். காந்திபுரம் பக்கம் போகிறவர்களையும் உக்கடம் பக்கம் போகிறவர்களையும் சேர்த்து அனுப்பிவிட்டு, நாற்காலிகளை முன்பிருந்தபடியே போட்டு, மின்விசிறிகளை அணைத்து, சாவியைக் காவலரிடம் கொடுக்கும்போது அடுத்த மாதத் தேதியை அவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.