தூக்கம் கெட்ட நாள்ல வீட்ல சண்டை வராம பாத்துக்கறது எப்படி

"சாவி எங்க வெச்சீங்க"ன்னு என் வைஃப் சாதாரணமா தான் கேட்டா, என் காதுல விழுந்ததோ "உங்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது"ன்னு. அரை மணி நேரம் சண்டை. சாவி என் சட்டை பாக்கெட்லயே இருந்துச்சு, அது வேற. முந்தின ராத்திரி மூணு மணி நேரம் கூட தூங்கல.

இது வெறும் சாக்கு இல்லீங்க. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சில, கிட்டத்தட்ட 35 மணி நேரம் தூங்காதவங்களுக்கு மனச கலங்கடிக்கற படங்கள காட்டி மூளைய ஸ்கேன் பண்ணாங்க. பயம் கோபத்தை கிளப்புற அமிக்டலாங்கற மூளைப் பகுதி, நல்லா தூங்கினவங்கள விட 60 சதவீதம் அதிகமா துள்ளுச்சு, அத அடக்கி வைக்கற முன்மூளையோட தொடர்பும் தளந்து போச்சு. "எனக்கு ஆறு மணி நேரம் போதும்"னு சொல்றவங்க தான் இதுல ரொம்ப மாட்டிக்கறாங்க, ஏன்னா தொடர்ந்து ரெண்டு வாரம் அப்படி தூங்குனா கவனம் எவ்ளோ மங்கிருக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

சரி, என்ன பண்ணலாம்? காலைல எழுந்ததும் முதல்ல சொல்லிடுங்க, "ராத்திரி தூங்கல, இன்னிக்கு கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பேன்"னு. இந்த ஒரு வரி பாதி சண்டைய தடுத்துடும். பணம், மாமனார் மாமியார், பிள்ளைங்க படிப்பு மாதிரி பெரிய விஷயம் எதையும் அன்னிக்கு எடுக்காதீங்க, ஆனா சும்மா "அப்புறம் பேசலாம்"னா நழுவுற மாதிரி தான் தெரியும், அதனால "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு பேசலாம்"னு நேரம் சொல்லி தள்ளி போடுங்க, சொன்னா மாதிரி பேசவும் செய்யுங்க. மெசேஜ்ல வர்ற வெறும் "ம்"முக்கு அர்த்தம் தேடாதீங்க, தூங்காத கண்ணுக்கு சாதாரண முகமே முறைக்கற மாதிரி தெரியும், எழுத்து எம்மாத்திரம்.

சண்டைய முடிக்காம படுக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல, நான் அத கேக்கறதில்ல. ராத்திரி ஒரு மணிக்கு யாரு தான் நியாயமா பேசுவா? "கோபம் தான், ஆனா உன்ன விட்டு எங்கயும் போகல"ன்னு சொல்லிட்டு படுங்க.

அன்னிக்கு பொழுத ஓட்டணும்னா மதியம் மூணு மணிக்குள்ள 20 நிமிஷம் கண்ண மூடுங்க. காபில இருக்கற காஃபின் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் மாதிரி ஆகும், சாயங்கால காபிய விடுங்க. லீவு நாள்லயும் அதே நேரத்துக்கு எழுந்திருங்க. கைக்குழந்தை இருந்தா ராத்திரிய ரெண்டா பிரிச்சு ஷிப்ட் போட்டுக்கோங்க, ரெண்டு பேரும் சேந்து முழிக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல.

வாரத்துல மூணு ராத்திரியோ அதுக்கு மேலயோ, மூணு மாசமா தூக்கம் இப்படியே கெட்டு போகுதுன்னாலோ, குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னாலோ டாக்டர பாருங்க. மாத்திரைக்கு முன்னாடி தூக்கமின்மைக்கான சிபிடி தெரப்பி (தூக்கத்த கெடுக்கற பழக்கத்தையும் எண்ணத்தையும் மாத்தற பயிற்சி) பத்தி கேளுங்க. முடிஞ்சா துணையையும் கூட்டிட்டு போங்க, உங்க குறட்டைய கேட்டது அவங்க தானே.