ஒரே நாளில் இரண்டு வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினேன். கையோடு கையாக என் வெப்சைட்டை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். சாயங்காலம் பார்த்தால் தளம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் போச்சு என்று இரண்டு மணி நேரம் சர்வரைக் குடைந்தேன். அப்புறம்தான் திரை மூலையில் தேதி கண்ணில் பட்டது. பல வருடம் பின்னால் போயிருந்தது.

மதர்போர்டில் காசு அளவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும். 3 வோல்ட். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்திருப்பது, தூசி தட்ட நான் பிளக்கைப் பிடுங்கிய அன்று வெளியே வந்தது. சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய தேதியைக் காட்டினால் பிரவுசர் நம்பாது. வேறு நாலு தளங்களைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காலையில் பிஎச்பியைத் தொட்டதால் புத்தி வேறெங்கும் போகவில்லை.

தூசி தட்டும்போது ராம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி மாட்டியதும் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் உடனே மதர்போர்டைச் சந்தேகிக்காதீர்கள். ஒரு முனை உட்கார்ந்து மறு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் சமமாகத்தான் தெரியும். இரண்டு முனைகளையும் தனித்தனியே, கிளிப் ‘டக்’ என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கும்.

பிஎச்பியை மாற்றிய பிறகு வெப்சைட்டில் வெள்ளைத் திரை வந்தால், முதலில் பிழைகளைக் குறித்து வைக்கும் எர்ரர் லாகைப் படியுங்கள். பழைய கோடில், தளத்தின் தகவல் கிடங்கான டேட்டாபேஸோடு பேச mysql_ என்று தொடங்கும் அழைப்புகள் இருக்கலாம். 2015இல் வந்த பிஎச்பி 7 அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பேக்கப் என்று ஃபைல்களை மட்டும் இறக்கி வைப்பவர்கள் அதிகம். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் நீங்கள் எழுதியதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. அதைத் தனியாக எடுக்க வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்ணி: திரும்ப ஏற்றும்போது எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) மாறினால் தமிழ் சிதையும். தொப்பி போட்ட லத்தீன் எழுத்துகளாக வந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பிரதியில் எழுத்து போனது போனதுதான். ஆகவே காலியான இன்னொரு டேட்டாபேஸில் ஏற்றி, பழைய பதிவு ஒன்றைத் திறந்து படித்துப் பாருங்கள்.

சரி, அந்த பேக்கப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுத்த ஞாயிறு ஃபார்மேட் செய்யப்போகும் ஹார்ட் டிஸ்கில்தானே?