கடைக்கு முதல் ஆள் வைத்தபோது

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. மேட்டூர் அணை ஜூன் 12 திறப்பு என்றாலும், நாற்றங்காலுக்கு போர் தண்ணிதான். மே மாதமே மோட்டார்கள் வரிசை கட்டிவிடும். தனியாளாகச் சமாளிக்க முடியாமல் ஐடிஐ முடித்த பையன் ஒருவனைச் சேர்த்தேன். பத்தே நாளில் இரண்டு மோட்டார் புகைந்து திரும்பி வந்தன. திட்டினேன். மறுநாள் ஆளைக் காணோம்.

யோசித்தால் தப்பு என்னுடையது. பழைய காயிலைப் பிரிக்கும்போதே சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்று எண்ணி மண்டையில் வைத்துக்கொள்வேன். அவன் எதைப் பார்த்துச் சுற்றுவான்?

நோட்டு ஒன்று போட்டேன், மோட்டாருக்கு ஒரு பக்கம். அவன் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். வார்னிஷ் காய்ந்து, மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. வேலை கடனுக்குப் போனாலும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். இப்போது நோட்டு எழுதுவது அவன்தான். என் கையெழுத்து புரியவில்லையாம்.