கரண்ட் போய் வந்தாலும் சர்வர் எழணும்: லினக்ஸ் சர்வீஸ் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே, ஜூன், ஜூலை வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் இரவு, பகல் என்ற பேச்சே கிடையாது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எடைமேடையில் வண்டி ஏறியதும் எடை கம்ப்யூட்டருக்குப் போய், விவசாயி பெயரோடு சீட்டு அச்சாகி வர வேண்டும். சின்ன ஆலை என்றால் இதற்குப் பின்னால் இருப்பது ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்தான். அதில் உபுண்டு சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தெரிந்த பையன் ஒருவன் எழுதிக் கொடுத்த பைத்தான் அப்ளிகேஷன். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங்குக்கும், ஓசூரில் ஒரு லேத் பட்டறையின் ஸ்டாக் கணக்குக்கும் இதே அமைப்பு போதும்.

இந்த அமைப்பில் எது சரி, எது தவறு என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், பத்து நிமிடம் கழித்து வருகிறது. யாரும் கை வைக்காமல் சீட்டு அச்சாகுமா? 'ஆகும்' என்று சொல்ல முடியாத வரை அந்த சர்வரில் இன்ஸ்டால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

லினக்ஸுக்குள் போவதற்கு முன்பே ஒன்று இருக்கிறது. கரண்ட் திரும்ப வந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆக வேண்டும் என்பதை பயோஸில் (மதர்போர்டின் செட்டிங்கில்) சொல்லி வைக்க வேண்டும். பல டெஸ்க்டாப்களில் இது ஆஃபில்தான் இருக்கும். சாஃப்ட்வேரை எல்லாம் பக்காவாக அமைத்துவிட்டு இதை விட்டுவிட்டால், விடியும் வரை மிஷின் சும்மா கிடக்கும்.

ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு

அதிகம் பார்ப்பது இந்தக் குழப்பத்தைத்தான். பின்னணியில் ஓடும் ப்ரோக்ராமைத்தான் சர்வீஸ் என்கிறோம். அதைக் கிளப்பிக் கவனிப்பது லினக்ஸின் சிஸ்டம்டி, அதற்கு உத்தரவு போடும் கமாண்ட் சிஸ்டம்சிடிஎல். சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் என்று கொடுத்தால் சர்வீஸ் இப்போது ஓடும், அவ்வளவுதான். அடுத்த பூட்டிலும் ஓட வேண்டுமானால் எனேபிள் கொடுக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் ஆப்ட் என்ற இன்ஸ்டால் கருவி வழியாக போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ் போன்றவற்றை நிறுவினால் இரண்டையும் அதுவே செய்துவிடும். அந்தப் பழக்கத்தில், நாமே எழுதிய சர்வீஸையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். ராக்கி, ஆல்மா லினக்ஸ் பக்கம் போனால் பேக்கேஜாக நிறுவியதைக்கூட பெரும்பாலும் நாம்தான் எனேபிள் செய்ய வேண்டும்.

எனேபிள் வேலை செய்ய யூனிட் ஃபைலின் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) கடைசியில் இன்ஸ்டால் என்ற பகுதி வேண்டும். அதில் எந்த டார்கெட்டோடு (பூட்டில் எட்ட வேண்டிய நிலை) சேர்ந்து எழ வேண்டும் என்று ஒரு வரி, வழக்கமாக மல்டி-யூசர் டார்கெட். இந்தப் பகுதி இல்லாத ஃபைலுக்கு எனேபிள் கொடுத்தால் சிஸ்டம்டி நீளமாக ஒரு குறிப்பைக் காட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். அந்தக் குறிப்பை வாசிக்காமல் தாண்டிப் போவதுதான் வழக்கம். ஃபைலைத் திருத்தியபின் டீமன்-ரீலோடு கொடுக்க மறப்பதும் இதே ரகம். நீங்கள் மாற்றியது டிஸ்கில் இருக்கும், சிஸ்டம்டி பழையதையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்.

பேக்கேஜோடு வந்த யூனிட் ஃபைலை அது கிடக்கும் இடத்திலேயே திறந்து திருத்துவது இன்னொரு தவறு. அடுத்த அப்கிரேடில் புது ஃபைல் வந்து உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று கொடுத்தால் உங்கள் மாற்றம் மட்டும் தனி ஃபைலாக இடிசி ஃபோல்டருக்குள் உட்காரும். அப்கிரேடு அதைத் தொடாது.

அடுத்தது வரிசை. அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் முதலில் எழ வேண்டும். இதற்கு 'ரிக்வயர்ஸ்' என்ற வரி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது 'இதுவும் வேண்டும்' என்று மட்டும் சொல்லும். எது முன், எது பின் என்று சொல்வது 'ஆஃப்டர்' என்ற வரி. அது இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். டெஸ்க்டாப் வேகமாக இருக்கும் நாளில் ஓடும், டிஸ்க் திணறும் நாளில் ஓடாது. இப்படிப்பட்ட பிரச்சினையைத்தான் 'சில நேரம் மட்டும் வருகிறது சார்' என்று போனில் சொல்வார்கள்.

டேட்டாபேஸ் வேறு மிஷினில் இருந்தால் கதை இன்னும் கொஞ்சம் நீளும். கரண்ட் வந்ததும் இரண்டு மிஷினும் ஒன்றாக எழுகின்றன, ஒன்று முந்திக்கொள்கிறது. முந்தியதில் இருக்கும் அப்ளிகேஷன் டேட்டாபேஸைத் தேடி, கிடைக்காமல் விழுகிறது. 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' போட்டிருக்கிறோமே, மறுபடி எழுமே என்றால், எழும். ஆனால் இயல்பாக சிஸ்டம்டி 100 மில்லி விநாடிதான் காத்திருக்கும். 10 விநாடிக்குள் 5 முறை கிளப்பியும் விழுந்துவிட்டால் அதற்குமேல் முயற்சியே செய்யாது. அதாவது டேட்டாபேஸ் மிஷின் பூட் ஆகி முடிப்பதற்குள் உங்கள் அப்ளிகேஷனின் ஐந்து வாய்ப்பும் காலி. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் 'ரீஸ்டார்ட்செக்' என்ற வரியில் 5 விநாடி என்று கொடுத்துவிட்டால் 10 விநாடிக்குள் ஐந்து முறை என்ற கணக்கு எட்டவே எட்டாது. டேட்டாபேஸ் வரும்வரை பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வரி. ராத்திரி போன்கால்களில் பாதி இதிலேயே குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

டெர்மினலில் கமாண்டுக்குப் பின்னால் ஒரு ஆம்பர்சண்ட் (&) போட்டு ஓட்டிவிட்டுப் போவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அது டெமோ காட்டுவதற்கு மட்டும்.

பேக்கப்புக்கு வைத்த டிஸ்க்கே பூட்டைத் தடுப்பது

பேக்கப்புக்காக யுஎஸ்பி ஹார்ட்டிஸ்க் ஒன்றைச் செருகி, பூட்டில் எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் இல்லாவிட்டால், அந்த டிஸ்க் இல்லாமல் சர்வர் பூட் ஆகாது. அக்கவுண்டன்ட் சினிமா காப்பி எடுக்க டிஸ்க்கைக் கழற்றிப் போயிருப்பார். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகும். சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். நெட்வொர்க் வராது, தூரத்திலிருந்து லாகின் ஆக உதவும் எஸ்எஸ்எச் வராது. மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும்.

'நோஃபெயில்' போட்ட பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் வரும். டிஸ்க் மவுண்ட் ஆகாத (இணையாத) நாளில் பேக்கப் ஸ்கிரிப்ட் அதே ஃபோல்டர் பெயருக்குள் எழுதும், ஆனால் அது இப்போது மெயின் டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர். சில வாரத்தில் மெயின் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயிண்ட்' கமாண்டை வைத்து, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள்.

எங்கிருந்து எடுக்கிறோம்

ஆப்ட் அப்டேட் என்பது எதையும் புதுப்பிக்காது, பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதிதாக எடுத்து வரும். அதைச் செய்யாமல் நேராக இன்ஸ்டால் கொடுத்து, 404 எரர் வந்ததும் 'நெட் சரியில்லை' என்று ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். பாவம் ரவுட்டர்.

பைத்தான் லைப்ரரிகளை ரூட் (முழு நிர்வாக) அதிகாரத்தோடு பிப் என்ற பைத்தான் இன்ஸ்டால் கருவி வழியாக நிறுவுவது நீண்ட நாள் கெட்ட பழக்கம். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் நம்பியிருக்கும் லைப்ரரிகள் மாறிப்போய், சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று உடையும். டெபியன் 12 முதலும் உபுண்டு 23.04 முதலும் பிப்பே இதை மறுத்துவிடுகிறது. இந்தச் சூழலை ஆப்ட் நிர்வகிக்கிறது, உள்ளே வராதே என்கிற மாதிரி ஒரு எரர் வரும். இணையத்தில் தேடினால் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லி முதல் பதிலே கிடைக்கும். சிஸ்டத்தை உடைக்க அனுமதி என்று அந்த ஆப்ஷன் தன் பெயரிலேயே சொல்கிறது, அதையும் போடுகிறார்கள். அப்ளிகேஷனுக்கென்று ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகளுக்குத் தனி ஃபோல்டர்) உருவாக்கி, அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை யூனிட் ஃபைலில் எழுதுங்கள். வேலை முடிந்தது.

இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்ட்டை கர்ல் என்ற டவுன்லோடு கமாண்ட் வழியாக நேரே ரூட் ஷெல்லுக்குள் பாய்ச்சுவது பற்றி: இறக்கி, திறந்து, ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? அந்த மென்பொருள் டிஸ்ட்ரிபியூஷனின் பேக்கேஜாகவே இருந்தால் அதுவே முதல் தேர்வு. வெர்ஷன் கொஞ்சம் பழையதாக இருக்கும், இருக்கட்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழைய வைத்த வாசல் அது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் கொஞ்சம் தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததில் பிடிபட்டது. டெபியனில் சோதனைக் கிளைகள் வரை அது வந்திருந்தது, ஸ்டேபிள் என்ற நிலையான வெளியீட்டுக்கு வரவில்லை. எடைமேடை சர்வருக்கு லேட்டஸ்ட் எதற்கு?

பழையது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது, சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இவற்றை வைத்திருப்பவர்கள் சீசன் முடிந்த மாதங்களில் மாற்றிவிடுவது நல்லது. ஜூன் மாதத்தில் அப்கிரேடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நிறுவும்போது 'வேறு ஒரு ப்ராசஸ் பூட்டி வைத்திருக்கிறது' என்று ஆப்ட் சொன்னால், அந்தப் பூட்டு ஃபைலை அழிக்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி செக்யூரிட்டி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், சில நிமிடத்தில் முடியும். பூட்டை அழித்துவிட்டு இன்னொரு இன்ஸ்டாலைக் கிளப்பினால் பேக்கேஜ் டேட்டாபேஸ் குழம்பும் அபாயம் உண்டு. கரண்ட் போய்ப் பாதியில் நின்ற இன்ஸ்டால் என்றால் ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி-க்கு 'கான்ஃபிகர் ஏ' ஆப்ஷனைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லலாம்.

777-உம் திறந்த கதவும்

'பெர்மிஷன் டினைட்' வந்தால் ஃபைலுக்கு 777 என்ற அனுமதி கொடுப்பது. அந்த மிஷினில் உள்ள எந்த யூசரும், எந்த ப்ராசஸும் அந்த ஃபைலை மாற்றலாம் என்று இதற்குப் பொருள். சர்வீஸ் எந்த யூசராக ஓடுகிறது என்று பார்த்து, அந்த யூசருக்கு ஃபோல்டரை உரிமையாக்கினால் தீர்ந்துவிடும். அந்த யூசர் ரூட்டாக இருக்கக் கூடாது. யூனிட் ஃபைலில் யூசர் வரி எழுதாவிட்டால் ரூட்டாகத்தான் ஓடும்.

சர்வர் ஆபீஸ் மூலையில் இல்லாமல் கிளவுடில் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஃபயர்வாலை எனேபிள் செய்வதற்கு முன் எஸ்எஸ்எச்-சை அனுமதிக்க மறந்தால், அதற்குப் பிறகு உள்ளே நுழைய முடியாது. மிஷின் மும்பையில், நீங்கள் பாலக்கோட்டில். டாக்கர் (அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறந்துவிட்டால் உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவின் விதிகள் அதைத் தடுக்காது. போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் மூடியிருக்கிறது என்று யுஎஃப்டபிள்யூ காட்டும், வெளியில் இருந்து பார்த்தால் திறந்திருக்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து, அந்த மிஷினுக்குள் மட்டும் என்று கட்டிப்போடுங்கள்.

எஸ்எஸ்எச் போர்ட்டை மாற்றுபவர்களுக்கு: உபுண்டு 22.10-லிருந்து அந்த போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எஸ்எஸ்எச் சாக்கெட் யூனிட். கான்ஃபிக் ஃபைலில் மாற்றிவிட்டு எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய 22-லேயே நிற்கும். 24.04-இல் டீமன்-ரீலோடு கொடுத்து, சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். என்ன செய்தாலும் பழைய டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, புது டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

ஐந்தரை மணி நேரம்

உபுண்டு சர்வரை நிறுவினால் நேரம் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால்) இருக்கும். யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் எல்லாம் ஓடும். ராத்திரி 2 மணிக்கு என்று கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் கருவி) வைத்த பேக்கப், காலை 7:30-க்கு ஓடும். டைம்டேட்சிடிஎல் வழியாக ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு, கிரான் சர்வீஸையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

கிரானில் இன்னொரு பொறி உண்டு. பேக்கப் ஃபைல் பெயரில் தேதி வர வேண்டும் என்று டேட் கமாண்டை % குறியோடு எழுதுவோம். டெர்மினலில் அழகாக ஓடும், கிரானில் ஓடாது. கிரான் அந்த % குறியைப் புது வரியாக எடுத்துக்கொண்டு கமாண்டை அங்கேயே வெட்டிவிடும். ஒவ்வொரு % முன்னாலும் ஒரு பின்சாய்வுக் கோடு போடலாம், அல்லது கமாண்டை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி அதை மட்டும் கிரானில் அழைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

யுடிசி விஷயம் பேக்கப்போடு நிற்பதில்லை. உபுண்டுவின் தானியங்கி அப்கிரேடு டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். யுடிசியில் இருக்கும் சர்வரில் இது நம் நேரப்படி பகல் 11:30-க்கும் 12:30-க்கும் இடையில். போஸ்ட்கிரெஸுக்கு செக்யூரிட்டி அப்டேட் வந்த நாளில் அது ரீஸ்டார்ட் ஆகும், லாரிகள் நிற்கும் வேளையில் எடைமேடை சில விநாடி தடுமாறும். நேரத்தை ஐஎஸ்டிக்கு மாற்றிய பின்னும் காலை 6 மணி ஒத்துவராது என்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக அந்த டைமரை மாற்றலாம். அப்போது நேரத்தைக் குறிக்கும் 'ஆன்காலண்டர்' வரியை முதலில் வெறுமையாக ஒன்று எழுதி, அடுத்த வரியில் புது நேரத்தை எழுதுங்கள். வெறும் வரியை விட்டுவிட்டால் பழைய நேரமும் அப்படியே இருந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓடும்.