ஐவரியா, கிரீமா? முதலில் அட்டையில் அடியுங்கள்

பெயிண்ட் கடை ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டையில்) ஐவரியும் கிரீமும் ஒன்றுபோலவே தெரியும். சேலத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்கு இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, தனித்தனி வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்தேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாகவே விடுங்கள். நேராகச் சுவரில் அடித்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பும்.

நன்றாகக் காய்ந்தபின் ஒப்பிடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்த்தியாகும். அட்டையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, காலை, மதியம், இரவு பாருங்கள். எங்கள் ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஐவரி வெளுத்துப்போனது. மஞ்சள் பல்பில் கிரீம் வெண்ணெய் போல ஆனது. ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு வேறு, சுவரின் அடிப்பக்கம் ஐவரியை லேசாக ரோஸாக்கிவிட்டது! அதனால் கிரீம்தான் என்று முடிவு செய்தோம்.

வெளிச்சுவருக்கு அட்டையை வெயிலில் வைத்தே பார்க்க வேண்டும். சேலத்து உச்சி வெயிலில் எந்த நிறமும் வெளிறித் தெரியும், ஒரு ஷேடு அடர்த்தியாக எடுங்கள். ஏற்காட்டில் வீடு என்றால் பனிமூட்டத்திலும் ஒருமுறை பாருங்கள், அங்கே அதே ஐவரி சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அப்புறம், ஷேடு ஒன்றே என்றாலும் வெளியே எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான் அடிக்க வேண்டும்.